சொல்லை மறவாதிருக்கும் வழி

சென்ற பருவத்தின் தொடக்கத்தில் ஒரு நாள், நெய்தல் நிலத்துப் பாடல்களை எங்களுக்கு நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர், பாடத்தினிடையே ஒரு சிறு வினாவை எழுப்பினார். நாற்றிசையினின்றும் வீசும் காற்றுக்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் யாவை என்பதே அவ்வினா. வகுப்பில் இருந்தோர் இருபத்திருவர். தென்றல் என்றார் ஒருவர். வாடை என்றார் மற்றொருவர். அதற்குமேல் ஒருவரும் வாய் திறந்திலர். கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்றும் மேல்காற்றுக்குக் கோடை என்றும் பெயருண்டு என்பதை நாங்கள் அறியாதவர் அல்லோம். நான்கு திங்களுக்கு முன் நடந்த பரீட்சையில் அவ்வினாவே வந்திருந்தது. நாங்கள் அனைவரும் பிழையின்றி விடை எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். பேராசிரியர் சினந்தாரில்லை. "உங்கள் விடைத்தாள்களுக்கு நினைவிருக்கும், அவற்றைக் கேட்டுப் பார்ப்போம்" என்று மட்டும் கூறிப் பாடத்தைத் தொடர்ந்தார். அவர் சினந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்று மாலை இராயபுரத்தில் வீட்டுக்குத் திரும்பியதும் நடந்ததை என் ஆயாவிடம் கூறினேன். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றே அழைப்பது வழக்கம். அவர் எழுதப் படிக்க அறியார். என் தாத்தா காசிமேட்டினின்று முதலிற் கட்டுமரத்திலும் பின்னர் விசைப்படகிலும் நாற்பது ஆண்டு கடல்மேற் சென்றவர்; அவர் கரைக்குக் கொண்டுவந்த மீனைக் கூடையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றவர் ஆயா. "இன்னாடா கண்ணு, காத்து பேரு கூடவா மறந்து பூடும்?" என்று வியந்தவர், கொண்டல் எப்பொழுது எழும், வாடை எப்பொழுது அடங்கும், கச்சான் வீசும்போது கடலின் நிறம் எவ்வாறு மாறும் என்பனவற்றை ஒரே மூச்சிற் சொல்லி முடித்தார். மேல்காற்றுக்கு அவர் அறிந்த பெயர் கச்சான் என்பதே. கோடை என்பது வெயிற்காலத்துக்குப் பெயர் என்பதன்றி, காற்றுக்கும் பெயர் என்பதை அவர் கேட்டதில்லை.

அவ்விரவு எனக்கு உறக்கம் வராமற்போனதற்கு வகுப்பில் நேர்ந்த வெட்கம் காரணமன்று. எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது என் தாத்தா ஒரு விடுமுறை நாளில் என்னை அருகில் இருத்தி, மீன், வலை, நீரோட்டம் ஆகியவற்றின் பெயர்களை ஏறத்தாழ நாற்பது சொன்னார். அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அன்று மாலைக்குள் மனப்பாடம் செய்து, அவர் முன் நின்று ஒன்றும் விடாமல் ஒப்பித்தேன். அவர் மகிழ்ந்து பத்து ரூபாய் கொடுத்தார். பின்னர் அக்குறிப்பேட்டை யான் திறக்கவில்லை. 2022-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தில் குறிப்பேடும் போயிற்று. நாற்பதில் எத்தனை எஞ்சியுள்ளன என்று அவ்விரவு எண்ணிப் பார்த்தேன், ஏழு எஞ்சியிருந்தன. மறுநாள் ஆயாவைக் கேட்டதில் மேலும் பதினான்கு மீண்டன. மற்றவை ஆழ்கடலிற் செல்லும் ஆடவர் தம்முள் வழங்கியவை. கரையிலிருந்த ஆயாவுக்கு அவை தெரியா. பத்து ரூபாய் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஆயா பள்ளிக்கூடம் அறியார்; நாங்களோ தமிழையே சிறப்புப் பாடமாகக் கொண்டு ஆனர்ஸ் வகுப்பிற் கற்பவர்கள். அறிவாற்றலின் வேறுபாடு என்று சொல்லித் தப்புவதற்கு இதில் இடமில்லை. ஆயாவுக்கு அச்சொற்கள் ஒரே நாளில் வந்து சேர்ந்தவை அல்ல. ஆண்டுதோறும் வாடை எழுந்தபோதெல்லாம் வாடை என்னும் சொல்லும் எழுந்தது. மறக்கத் தொடங்கும் சமயம் பார்த்துக் கடலே அதனை மீண்டும் அவர் வாயில் வைத்தது. நாங்கள் பரீட்சைக்கு முந்திய இரவில் நூறு சொற்களை விழுங்கி, மறுநாள் முற்பகலில் உமிழ்ந்து, அத்துடன் அவற்றினிடம் விடைபெற்றுக்கொண்டோம். கற்ற சொல்லை இடைவெளி விட்டு, அவ்விடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டி, மீண்டும் மீண்டும் நெஞ்சினின்று வரவழைப்பதே அதனை நெடுங்காலம் காக்கும் வழி என்பதும், நம் படிப்புமுறை இதற்கு நேர்மாறாக அமைந்திருக்கிறது என்பதுமே யான் இங்குச் சொல்லக் கருதியவை.

மறதியை அளந்து பார்க்க முற்பட்டவருள் முதல்வராகப் போற்றப்படுபவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பார். அவர் பிறரைச் சோதிக்கவில்லை. தம்மையே சோதனைப்பொருளாக வைத்துக்கொண்டு, பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, கண்ட முடிவுகளை 1885-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். மறந்த பட்டியலை மீண்டும் கற்கும்போது, முதன்முறை பட்ட பாட்டில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். இருபது நிமிடம் கழித்துக் கற்றால் நூற்றுக்கு 58 பங்கு உழைப்பு மிச்சம். ஒரு மணி நேரம் கழித்தால் 44. ஒரு நாள் கழித்தால் 34. முப்பத்தொரு நாள் கழித்தால் 21. முதல் ஒரு நாளில் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் பின்வரும் ஒரு மாதத்தில் ஏற்படும் இழப்பு சிறிது என்பதை இவ்வெண்கள் காட்டும். பொருளுள்ள சொற்கள் இத்துணை விரைவில் மறவா என்பது உண்மையே. ஆயினும் சரிவின் போக்கு ஏறத்தாழ அதுவே. அவர் கண்ட மற்றொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. பன்னிரண்டு அசைகொண்ட பட்டியலை ஒரே நாளில் 68 முறை ஓதியதால் விளைந்த பயன், மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியதாலேயே விளைந்தது. பரீட்சைக்கு முந்திய இரவில் தேநீர் அருந்திக் கண் விழிக்கும் நண்பர்கள் இவ்விரண்டு எண்களையும் விடுதிச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இவை மேல்நாட்டார் கூறும் புதுமை. நம் முன்னோர்க்கு இவை தெரியா என்று எண்ணவேண்டுவதில்லை. முற்றும் தெரியும் என்று மார்தட்டவும் வேண்டுவதில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கனின் கடமைகளை வகுக்கும்போது, கேட்டவற்றைச் சிந்தித்தலையும், உடன் கற்பாரோடு பயிலுதலையும், வினாவுதலையும், வினாவியவற்றுக்கு விடையிறுத்தலையும் சேர்த்தே கூறினார். ஒரு முறை கேட்டவன் இரு முறை கேட்பானாயின் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்பானாயின் முறையறிந்து சொல்ல வல்லவனாவான் என்றும் அவர் கருதினார். ஆசிரியர் வாய்க் கேட்பதனால் கிடைப்பது கால்பங்கே என்றும், உடன் பயில்வாரால் ஒரு கால் கிடைக்கும் என்றும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைவரும் என்றும் அவர் இட்ட கணக்கு எனக்கு மிகவும் உவப்பானது. கேட்பதைவிடச் சொல்லுவதற்கே நினைவில் வேரூன்றும் ஆற்றல் மிகுதி என்பது அதன் கருத்தன்றோ?

திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் இக்கருத்து நடைமுறையில் இருந்தது. மாலையிற் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புமுன் உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவதும், மறுநாட் காலையில் அதனைக் கேட்பதுமாகிய வழக்கத்தை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் இளமை நினைவுகளிற் குறித்திருக்கின்றார். ஓரிரவு இடைவெளி விட்டுக் கேட்பது எத்துணை எளிய உபாயம்! நிகண்டுகளும் அவ்வாறே நெஞ்சிற் பதிவதற்காகச் செய்யப்பட்டவை. மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் அமைத்ததும், பல பொருள் தரும் சொற்களைத் தொகுத்த பதினோராம் தொகுதியை எதுகை முறையில் அடுக்கியதும் ஓதுவார் நினைவுக்குக் கைகொடுப்பதற்கே. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைச் செய்து சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்தினார். அது பேருபகாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுமுதற்கொண்டு சொல்லென்பது நெஞ்சில் இருக்கவேண்டிய பொருள் என்பது போய், வேண்டும்போது தேடி எடுக்கும் பொருள் என்னும் எண்ணம் மெல்லக் குடிபுகுந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பழைய முறையின் நன்மை ஒப்பித்தலில் இருந்தது. ஏட்டைப் பார்த்துப் பத்து முறை படிப்பது ஒன்று. ஏட்டை மூடிவிட்டு ஒரு முறை சொல்ல முயல்வது மற்றொன்று. 2008-ஆம் ஆண்டில் கார்ப்பிக், ரோடிகர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கல்லூரி மாணவர்க்கு நாற்பது சுவாகிலிச் சொற்களைக் கற்பித்துச் சோதித்தனர். ஒரு சொல்லை ஒரு முறை சரியாகச் சொன்ன பின்னும் தொடர்ந்து சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து நூற்றுக்கு எண்பது அளவு நினைவில் வைத்திருந்தனர். சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மீண்டும் மீண்டும் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு எஞ்சியது 36 அளவே. அவ்விரு சாராரும் தமக்கு ஏறத்தாழப் பாதி நினைவிருக்கும் என்றே முன்கூட்டி மதிப்பிட்டிருந்தனர் என்பதையும் கருதுக. நம் நினைவைப்பற்றி நாமே சொல்லும் சாட்சி நம்பத்தக்கதன்று.

பழைய முறையின் குறை இரண்டு. ஒன்று பிரம்பு, அதைப்பற்றி எழுத வேண்டுவதில்லை. மற்றொன்று, கற்றவை எல்லாவற்றையும் நாடோறும் ஒருசேர ஓதவேண்டியிருந்தது. தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இருபத்து நான்கு வயதினராகிய அவர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு ஒருங்கிருந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். காலை ஏழு மணிமுதல் எட்டு மணிவரை, முன்னர்க் கற்று எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் மீள ஓதுவதும், அதன்பின்னரே புதிய நூல்களைப் பயில்வதும் தம் வழக்கம் என்று அவர் கடிதத்தில் எழுதினார். பழையதை மீட்டபின் புதியது என்னும் அவ்வொழுங்கு நம்மிடத்தில் இல்லை. இருப்பினும் அவரைப்போல் நாள் முழுவதையும் தமிழுக்கே கொடுக்க நம்மால் இயலுமா? நாளொன்றுக்குப் பத்துச் சொல் கற்று, கற்றவற்றை எல்லாம் நாடோறும் ஓதுவதாயின், ஓராண்டு முடிவில் ஒரு நாளைக்கு 3650 சொல் ஓதவேண்டும். எவராலும் ஆகாது, ஆதலின் எவரும் செய்வதில்லை.

இடைவெளியை நீட்டும் உபாயம் இங்கேதான் பயன்படுகின்றது. ஒரு சொல்லை மறுநாள் ஒரு முறையும், மூன்று நாள் கழித்து ஒரு முறையும், பின்னர்ப் பத்து நாள், ஒரு மாதம், மூன்று மாதம் என்று விட்டும் நினைவுகூர்ந்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து முறை போதும். நாளொன்றுக்குப் பத்துப் புதிய சொல் கற்பவர்க்கு, எத்தனை மாதம் சென்றாலும் அன்றாடம் மீட்கவேண்டியவை ஐம்பதும், தவறியவை சிலவுமே. அதற்குக் கால்மணி நேரம் செல்லும். செபஸ்டியன் லைட்னர் என்னும் ஜெர்மானிய எழுத்தாளர் 1972-இல் தாம் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பெட்டியை வகுத்துக் காட்டினார். பெட்டியில் ஐந்து அறைகள். சொல்லை ஒரு புறமும் பொருளை மறுபுறமும் எழுதிய சிறு அட்டை முதலறையிற் புகும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும். தவறினால் எவ்வறையில் இருந்தாலும் முதலறைக்கே இறங்கும். பின்னறைகள் நீண்ட நாளுக்கு ஒரு முறையே திறக்கப்படும். இதனையே கணிப்பொறியிற் செய்யும் வகையைப் போலந்து நாட்டு வோஸ்னியாக் என்பார் 1987-இல் அமைத்தார். இன்று மாணவர் பலர் செல்பேசியிற் பயன்படுத்தும் அன்கி என்னும் செயலி 2006-இல் வெளிவந்தது. மனப்பாடம் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லே அதன் பெயர்.

யான் செயலியை நாடவில்லை. செல்பேசியைத் திறந்தால் சொல் ஒன்றைப் பார்ப்பதற்குள் செய்தி பத்து வந்து குறுக்கிடுகின்றன. ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து, அட்டைத் துண்டுகளால் ஐந்து அறையாகத் தடுத்தேன். வீட்டிற் சேர்ந்து கிடந்த திருமண அழைப்பிதழ்களை நான்காக வெட்டி, அச்சில்லாத பக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டேன். (மணமக்கள் எனைப் பொறுப்பாராக.) அன்றைக்குரிய அட்டைகளைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு இராயபுரம் இரயில் நிலையத்துக்குச் செல்வேன். தென்னாட்டின் முதல் இரயில் வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் புறப்பட்ட நிலையம் அது. இன்று அங்கு வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் அட்டைகளுக்குப் போதுமானதாக இருக்கிறது. ஓராண்டு ஆகப்போகிறது. அட்டைகள் எண்ணூற்றுச் சொச்சம் சேர்ந்துள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை நான்காம் அறைக்கும் ஐந்தாம் அறைக்கும் ஏறிவிட்டன. சில அட்டைகள் மட்டும் எத்தனை முறை ஏற்றினாலும் இறங்கிவிடுகின்றன. 'ஞாழல்' அவற்றுள் ஒன்று. அம்மரத்தை யான் கண்டதில்லை என்பதே காரணம் போலும்.

இம்முறையிற் பழகுவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். இது இன்பமாக இராது. பரீட்சைக்கு முந்திய இரவில் ஒரே சொல்லை இருபது முறை ஓதும்போது எல்லாம் தெரிந்துவிட்டது என்னும் மகிழ்ச்சி உண்டாகும். பத்து நாள் கழித்து ஓர் அட்டையை எடுக்கும்போதோ, நாவின் நுனியில் நின்றுகொண்டு சொல் வெளிவர மறுக்கும், நெற்றி சுருங்கும், நம் மூளையில் ஏதோ குறையுண்டு என்னும் ஐயம் எழும். அந்தத் திணறலே வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். பாரிக் என்னும் அமெரிக்கக் குடும்பத்தார் நால்வர், பெற்றோர் இருவரும் புதல்வியர் இருவருமாக, தாமே வேற்றுமொழிச் சொற்கள் 300 கற்று, பயிற்சி முடிந்து ஐந்தாண்டு வரையில் தம் நினைவைச் சோதித்து, 1993-இல் முடிவை வெளியிட்டனர். ஐம்பத்தாறு நாளுக்கு ஒரு முறையாகப் பதின்மூன்று முறை மீண்டும் கற்றதனால் விளைந்த நினைவு, பதினான்கு நாளுக்கு ஒரு முறையாக இருபத்தாறு முறை கற்றதனால் விளைந்த நினைவுக்கு நிகராயிருந்தது. நீண்ட இடைவெளியிற் பயிலும்போது கற்றல் சற்று மந்தமாக நடந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பாதி உழைப்பு, நிகரான பயன், ஆனால் பொறுமை வேண்டும்.

இதனை மறுப்போர் இரு சாரார். உருப்போடுதல் கிளிப்பிள்ளைத் தொழில். பொருளுணர்ந்து கற்பதே கல்வி என்பார் ஒரு சாரார். செல்பேசி கையில் இருக்கச் சொல்லை நெஞ்சில் ஏன் சுமக்கவேண்டும் என்பார் மற்றொரு சாரார். பின்னவர்க்கு விடை எளிது. குறுந்தொகைப் பாட்டு ஒன்று நான்கு அடிமுதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும். அதனுள் ஐந்து சொல் தெரியாதவராயின், ஐந்து முறை பாட்டினின்று வெளியேறி ஐந்து முறை திரும்பி வரவேண்டும். அதற்குள் தலைவி பேசி முடித்துவிடுவாள். நாம் அகராதியின் வாயிலில் நின்றுகொண்டிருப்போம். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியில் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அது நூல்நிலையத்தில் இருப்பதனால் நாம் புலவராகிவிட்டோமா?

முன்னவர் சொல்லுவதில் உண்மை உண்டு. அட்டையின் பின்புறம் ஒரே ஒரு பொருளை எழுதி அதனையே ஒப்பிப்பவர் தமிழுக்குத் தீங்கே செய்வர். தொடக்கத்தில் யானும் அப்பிழையைச் செய்தேன். 'பாடு' என்னும் அட்டையில் 'பெருமை' என்று எழுதியிருந்தேன். அச்சொல்லுக்கு ஓசை, துயில், வருத்தம் முதலிய பொருள்களும் உள. அன்றியும், எங்கள் உறவினர் சிலர் வாழும் பழவேற்காட்டில், ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாட்டுக்கே பாடு என்று பெயர். எங்கள் பாடு எப்பொழுது வரும் என்று அவர்கள் கேட்பது வருத்தம் எப்பொழுது வரும் என்னும் பொருளில் அன்று. அதனால் இப்பொழுது ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று வைப்பதில்லை. ஒரு வழக்குக்கு ஓர் அட்டை வைக்கிறேன். முன்புறத்தில் அச்சொல் வரும் ஒரு சிறு தொடரை நானே அமைத்து எழுதுவேன். பொருளுணராமல் அத்தொடரை விடுவித்தல் இயலாது. கிளி கூண்டிலிருந்து வெளிவந்தது என்று சொல்லமாட்டேன். கூண்டின் கதவாவது திறந்திருக்கிறது.

ஆனால் அட்டையால் ஆகாதது ஒன்று உண்டு, அதனை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயாவுக்குக் காற்றின் பெயரை மீட்டுக் கொடுத்தது காற்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடை நிலவும்போது, காசிமேட்டில் கிழிந்த வலைகள் கரைமேல் விரிக்கப்படுகின்றன. வலையின் உறுப்புக்களுக்கு உரிய பெயர்களும் அப்பொழுது விரிக்கப்படுகின்றன. பொருள் முறையாகத் திரும்பி வரும் இடத்தில் சொல்லும் முறையாகத் திரும்பி வருகின்றது. பொருள் வருவது நின்றால்? எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் கழியில் சாம்பலும் மண்ணும் படிந்து, நீர் ஓடும் வழி குறுகிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது அக்கழியில் எண்ணெய் பரவியபோது வலையும் படகும் கறுத்துக் கரையிற் கிடந்தன. சங்கப் புலவர் பாடிய கழியும் கானலும் நமக்குப் பாடப்புத்தகத்துச் சொற்கள். அங்குள்ள ஒரு சிறுவனுக்கு அவை கண்முன் இருக்கவேண்டியவை. அவன் காணாத நண்டின் பெயரை எத்தனை தலைமுறை வைத்திருப்பான்? எங்கள் ஊர்ப்பெயரே இதற்குச் சான்று. பேதுரு அப்போஸ்தலரைக் கத்தோலிக்கத் தமிழர் முற்காலத்தில் இராயப்பர் என்று வழங்கினர். கடலோடிகள் அவர் பெயரால் எழுப்பிய ஆலயத்தை ஒட்டி இராயபுரம் என்னும் பெயர் எழுந்தது என்பர். இன்று என்னொத்த இளைஞருள் இராயப்பர் யார் என்று கேட்டால் விடை சொல்லுவோர் சிலரே. பேருந்தின் பெயர்ப்பலகையில் அப்பெயரை நாடோறும் படிக்கிறோம். படிப்பதனால் மட்டும் நினைவு நிற்பதில்லை என்பதற்கு இதுவும் ஒன்று.

இனி நம் கல்லூரியைப்பற்றி ஒரு விண்ணப்பம். பருவம் முடிந்ததும் அப்பருவத்துப் பாடம் முடிந்தது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. முதற்பருவத்தில் நிகண்டு, மூன்றாம் பருவத்தில் நெய்தற்பாட்டு. இடையில் ஓராண்டு அந்நிகண்டை எவரும் கேளார். ஆதலின் பாட்டு வரும்போது சொல் போய்விடுகின்றது. பாடத்திட்டத்தை மாற்றுவது மாணவர் கையில் இல்லை. ஆசிரியர் கையிலும் முழுமையாக இல்லை என்று அறிவேன். ஆயினும் சில செய்யலாம். வாரத்தில் ஒரு வகுப்பின் முதற் பத்து நிமிடத்தை, சென்ற வாரத்துச் சொற்களுக்கு அன்று, சென்ற மாதத்துச் சொற்களுக்கும் சென்ற பருவத்துச் சொற்களுக்கும் ஒதுக்கலாம். அதற்கு மதிப்பெண் வேண்டா. மதிப்பெண் வந்தால் மீண்டும் முந்திய இரவு வந்துவிடும். நன்னூலார் சொன்னபடி கேட்போரும் விடையிறுப்போரும் மாணவராகவே இருக்கலாம். தமிழ்த்துறை நூலகத்தில் ஐந்தறைப் பெட்டி ஒன்றை எல்லார்க்கும் பொதுவாக வைக்கலாம்.

அப்பெட்டியில் நூற்சொற்களோடு நம் ஊர்ச்சொற்களும் இடம்பெறவேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. இக்கல்லூரியில் திருவொற்றியூரினின்றும் எண்ணூரினின்றும் காசிமேட்டினின்றும் வருவோர் பலர் இருக்கிறோம். நம் வீடுகளில் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவரும், உப்பளத்தில் வேலை செய்தவரும், கடலுக்குச் சென்றவரும் இன்னும் உளர். அவர்களைக் கேட்டு எழுதுவது தமிழ்த்துறையின் பணி என்று பலர் கூறியிருக்கின்றனர். எழுதிவைத்தாற் போதாது என்பதை வெள்ளத்திற் போன குறிப்பேட்டினால் யான் கற்றேன். எழுதியவர் அதனைத் தம் நெஞ்சிலும் வைத்திருக்கவேண்டும். அதற்கு யான் கண்ட வழி மேலே சொன்னது. தாத்தாவின் சொற்கள் இருபத்தொன்றும் இப்பொழுது அட்டைகளாக உள்ளன. எஞ்சிய பத்தொன்பதைத் தேடிக் காசிமேட்டில் அவரோடு படகேறிய முதியவர் இருவரை ஞாயிறுதோறும் பிற்பகலில் காண்கிறேன். இதுவரை ஆறு கிடைத்தன. அவற்றுள் இரண்டு தாத்தா சொன்னவைதாமா என்பதில் எனக்கே உறுதியில்லை. ஆயினும் அவற்றையும் பெட்டியில் இட்டிருக்கிறேன்.

சென்ற வாரம் ஐந்தாம் அறையினின்று 'கோடை' என்னும் அட்டை வந்தது. எனக்கு விடை உடனே தோன்றிற்று. அட்டையை ஆயாவிடம் காட்டி, கச்சானுக்குப் புத்தகத்தில் என்ன பெயர் என்று முன்பு சொன்னேனே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் சற்று நேரம் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்துச் சிரித்தார். அவருக்காக வேறோர் அழைப்பிதழை வெட்டி, ஒரு புறம் மேற்கினின்று வீசும் காற்றுக்கு ஓர் அம்புக்குறியை வரைந்து, முதலறையில் வைத்தேன்.